பிரித்துத் தைத்த உடை

ஷார்ஜா
12.2.1999

அன்பு அக்காவுக்கு,

தேவ கிருபையில் நானும் அவரும் குட்டி ஃபீபியும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் சாப்பிடச் சொல்.

உன் முட்டிவலிக்கு எடையைக் குறைத்தால்தான் ஆகும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் ஒரு யோசனை வந்தது. ஆம்பூருக்கு லீவில் வரும் ஆபித் பாஷா அண்ணனிடம், உன் கம்பெனி வஹீதாவின் வீட்டுக்காரர்தான், இவர் ஆபீசில் வைத்து ஒரு பார்சல் கொடுத்திருக்கிறார். உள்ளே கறுப்பாக ஒரு உடை இருக்கும். பார்த்துப் பயந்துவிடாதே. உடற்பயிற்சிக்குப் போடுவது. மார்புக்குக் கீழே தொடங்கி முட்டிவரை இறுக்கிப் பிடிக்கும். வயிற்றை உள்ளே தள்ளி இடுப்பை ஒடுக்கிக் காட்டும் என்று இங்கே டி.வி.யில் ஓயாமல் விளம்பரம். அவர் எனக்கு வாங்கித் தந்தது. இப்போது தொளதொளவென்று ஆகிவிட்டது. அதைவிடச் சின்னதாக வேறு வாங்கித் தந்திருக்கிறார்.

ராத்திரியில் சோற்றை விட்டுவிடு. வெள்ளரிக்காய், கோஸ், தக்காளி மூன்றையும் நறுக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தால் சாலட். எண்ணெய் வேண்டாம். உப்பும் வேண்டாம், உடம்பு ஊதும் என்கிறார். முதலில் தொண்டையில் இறங்காது. பிறகு பழகிவிடும். எனக்குப் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தோறும் மிஷினில் ஏறி எடை பார்க்கிறோம். போன வாரம் அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

உங்கள் இருவரையும் ஜெபத்தில் நினைக்கிற
கரோலின்


ஆம்பூர்
8.3.1999

கரோ கண்ணு,

அப்பா நல்ல சுகம். ஜோலார்பேட்டைக்குப் போய்ப் பழைய ரயில்வே சிநேகிதர்களோடு சீட்டாடிவிட்டு வருகிற அளவுக்குத் தேறிவிட்டார். உன் பார்சல் வந்து சேர்ந்தது. அந்தக் கதையைக் கேள்.

கதவைத் தாளிட்டுக்கொண்டு நானும் பக்கத்து வீட்டுக் கமலமும் அதனோடு மல்லுக்கட்டினோம். கமலம் எங்கள் கம்பெனியில் தையல் செக்‌ஷனில் இருக்கிறாள், உனக்குத் தெரியும். ஷூவின் மேல்தோலைக் கால் அச்சின்மேல் இழுத்து ஏற்றுவதற்கு எங்களிடம் ஒரு மிஷின் இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் இது ஏறும் என்றாள். ஒருவழியாக ஏற்றிவிட்டோம். ஏற்றியபின் என்னால் உட்காரவும் முடியவில்லை, மூச்சுவிடவும் முடியவில்லை. ஹாலில் அப்பா இருக்கிறார் என்பதால் சிரிக்கவும் முடியவில்லை.

கமலம் கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, இழுபடுகிற துணியை அகலமாகக் கொடுத்துத் தைத்துவிட்டாள். இப்போது அருமையாக இருக்கிறது. தொடையையும் முதுகையும் தாங்கிப் பிடிக்கிறது. வயிறு வயிறாகத்தான் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். மேலே ஒரு சுடிதார் டாப்ஸைப் போட்டுக்கொண்டு காலையில் ஸ்கூல் கிரவுண்டில் நடக்கிறேன். முட்டி முன்னைப் போல் கத்துவதில்லை.

உன் சாலட்டை நீ எழுதியபடியே சாப்பிட்டுப் பார்த்தேன். பசியில் கம்பெனியில் என் லைனில் வேலை செய்கிற பெண்களை எல்லாம் கடித்துக் குதறினேன். பிறகு என் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டேன். முளைகட்டின பயறு, கிளிமூக்கு மாங்காய், வறுத்த வேர்க்கடலை, பச்சை மிளகாய், கொத்தமல்லி, வேண்டிய உப்பு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை மட்டும் விடமாட்டேன். ஆம்பூரில் இருந்துகொண்டு அதை விட்டால் ஊரைவிட்டே தள்ளிவைத்துவிடுவார்கள்.

ஒன்று கேட்கிறேன். அவருக்கு சந்தோஷம் என்று எழுதியிருந்தாய். உனக்கு?

ஃபீபிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.
உன் அக்கா ஞானம்


ஷார்ஜா
29.3.1999

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் சுகம். ஃபீபி கிண்டர்கார்டனில் பாட்டெல்லாம் பாடுகிறாள்.

உடையைப் பிரித்துவிட்டாயா? அது அந்த இறுக்கத்தில் இருந்தால்தான் பலன் என்று அட்டையில் போட்டிருந்ததே. அவரிடம் நான் சொல்லவில்லை.

எனக்குத் தலைமுடி கொஞ்சம் கொட்டுகிறது. இங்கே கடல் தண்ணீரைத்தான் சுத்திகரித்து விடுகிறார்கள், அதனால் எல்லோருக்கும் இப்படித்தான். போன வாரம் லிஃப்டில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கீழ்வீட்டு மலையாள நர்ஸ் பிடித்து உட்காரவைத்தார். வெயில்தான் காரணம்.

சாயங்காலத்தில் போன் செய்யாதே. அவர் ஆபீசிலிருந்து களைப்பாக வருவார். கடிதமே போதும்.

மாங்காய், வேர்க்கடலை என்றெல்லாம் இனிமேல் எழுதாதே அக்கா. படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறு எதிலும் மனம் போகவில்லை.

அப்பாவுக்கு என் ஸ்தோத்திரம்.
கரோலின்


ஆம்பூர்
20.4.1999

கரோ,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். மார்ச் மாதத்தில் ஷார்ஜாவில் அப்படி என்ன வெயில்? இங்கே பாலாற்று மணல் கொதிக்கிறது, எனக்கு ஒரு நாளும் கண் இருட்டவில்லை.

இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது. நான் கிரவுண்டில் நடப்பதைப் பார்த்துக் கமலம் சேர்ந்துகொண்டாள். அப்புறம் வஹீதா. நீ அனுப்பியதைப் பார்த்து அதேபோல் ஒன்று கமலத்திடம் தைத்துக்கொண்டாள். மேலே புர்கா. "உள்ள இன்னா போட்டிருக்கேன்னு எவனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எங்களை எல்லாம் முந்திப் போகிறாள். புர்கா இல்லாததால் பேச்சு முழுவதும் எனக்குத்தான் வந்தது.

போன புதன்கிழமை சபைக் கமிட்டி சாமுவேல் ஐயா வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். அப்பாவிடம் கால் வீக்கம் விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த டிரஸ்ஸைப் போட்டுக்கினு கிரவுண்டுல நடக்கிறியாமேம்மா. சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நீ இன்னா சொல்லிக் குடுப்ப?" என்றார்.

"வசனம்தான் ஐயா. டிரஸ்ஸைப் பத்தி இதுவரைக்கும் ஒண்ணும் வரல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நடப்பதை விடு, இல்லையென்றால் வகுப்பை விடு என்பதுபோல் பேசினார். முட்டி என்னுடையது, அதற்குச் சபையில் பதில் சொல்ல மாட்டேன் என்றேன். அந்த ஞாயிறே வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் எடுத்த வகுப்பு, கரோ. பிள்ளைகள் உள்ளே பாடிக்கொண்டிருக்க, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலையில் கிரவுண்டுக்குப் போனேன்.

லீவு முடிந்து ஆபித் பாஷா கிளம்புகிறான். முறுக்கு, அதிரசம், இட்லிப்பொடி எல்லாம் டின்னில் அடைத்துக் கொடுத்திருக்கிறேன். நீ சாப்பிட வேண்டும், யாருக்கும் பங்கு கொடுக்காதே. உன் போட்டோ ஒன்று அனுப்பு. தனியாக எடுத்தது. ஃபீபியைத் தூக்கி முன்னால் வைத்து மறைத்துக்கொள்ளாதே.

காத்திருக்கும் அக்கா,
ஞானம்


ஷார்ஜா
14.6.1999

அக்காவுக்கு,

சுகம். சுகம் அறிய ஆவல்.

பதில் எழுத நேரமே கிடைக்கவில்லை. முறுக்கு, அதிரசம் எல்லாம் வந்தது. ருசியாக இருந்தது. தீர்ந்துவிட்டது.

வகுப்பு போனதற்காக வருத்தப்படாதே. நீ கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாமோ என்று தோன்றியது. அவரிடம் சொன்னபோது அவரும் அதைத்தான் சொன்னார்.

கேமராவில் பிலிம் இல்லை.

கரோலின்


ஆம்பூர்
6.7.1999

கரோலின்,

சுகம் விசாரிக்க மனமில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று கிரவுண்டில் வஹீதா பாதி சுற்றில் நின்றுவிட்டாள். கொஞ்ச நாளாகவே என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆபித் போனில் ஒன்று சொன்னானாம். என்னிடம் சொல்வதா வேண்டாமா என்று அவளுக்கு ஒரே பேஜாராக இருந்ததாம்.

ஆபித் டின்னைக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் ஆபீசில் கொடுத்தான். கொஞ்ச நாள் கழித்து, ஊருக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா என்று கேட்க உன் வீட்டுக்கு வந்தான். கீழே வாட்ச்மேன் நம் வீட்டு டின்னை மடியில் வைத்துக்கொண்டு கடைசி முறுக்கைத் தின்றுகொண்டிருந்தான். ஆபித் மேலே போய் பெல் அடித்தான். ஒரு பொம்பளை கதவைத் திறந்தாள். "கரோலின் இருக்காங்களா?" என்று கேட்டான். அவள், "நான்தாண்ணே" என்றாளாம்.

ஆபித் உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். பத்திரிகை வைத்துக் கூப்பிட்டு உன் கல்யாணத்துக்கு வந்தவன். அவனுக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதானாம்.

நான் குறைக்கிறேன் என்றால் என் முட்டிக்காக. நீ யாருக்காகக் குறைகிறாய்? உனக்கு முட்டிவலியா, சர்க்கரையா, என்ன? மகளுக்கு டம்ளரில் பால் கலக்கும்போது ஒரு வாய் உனக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாத அளவுக்கு அங்கே என்ன நடக்கிறது?

நீ எழுத மாட்டாய். அதனால் மாப்பிள்ளைக்கே எழுதுகிறேன். கோபித்துக்கொள்வதென்றால் கோபித்துக்கொள்.

ஞானம்


ஆம்பூர்
6.7.1999

மாப்பிள்ளை பிரேம்நாத் அவர்களுக்கு,

ஞானசுந்தரி எழுதுவது. உங்களுக்கும் குழந்தைக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும்.

என் தங்கையை நாங்கள் உங்களுக்குக் கட்டிக்கொடுத்தபோது அவள் எப்படி இருந்தாளோ, அப்படிப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னீர்கள். குழந்தை பெற்றால் பெண் உடம்பு மாறும். அது குறையில்லை. அவளுக்குக் கண் இருட்டுகிறது, முடி கொட்டுகிறது. அது குறை. அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வாரா வாரம் அந்த எடை மிஷினில் ஏற்றுவதை நிறுத்துங்கள்.

உங்களிடம் மரியாதை குறைவாகப் பேச வேண்டும் என்று எழுதவில்லை. எழுதாமல் இருந்தால் நான் அவளுக்கு அக்காவாக இருந்து பிரயோஜனம் இல்லை.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
ஞானசுந்தரி


ஷார்ஜா
28.7.1999

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

இங்கே அனைவரும் நலம். மாமாவுக்கு என் வணக்கம்.

உங்கள் கடிதம் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. கரோலின் ஆரோக்கியமாக இருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் தன்னைக் கவனித்துக்கொள்ளவே இல்லை. எங்கள் கம்பெனி விருந்துகளுக்கு எல்லாரும் மனைவியோடு வருவார்கள். அங்கே அவளை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்றுதான் இவ்வளவும் செய்கிறேன். உடை, உணவு எல்லாம் நல்ல இடத்தில் விசாரித்து வாங்குகிறேன். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான். அவளும் மனப்பூர்வமாகத்தான் செய்கிறாள். நீங்களே கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் குடும்பம் நடத்தியதில்லை என்பதால் சில விஷயங்கள் உங்களுக்குப் புரியாமல் போகலாம். தவறாக நினைக்க வேண்டாம்.

பிரேம்நாத்


ஷார்ஜா
2.8.1999

அக்கா,

ஏன் அவருக்கு எழுதினாய்? உன் கடிதத்தை என் எதிரில் உரக்கப் படித்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. படித்து முடித்துவிட்டு, "உங்க அக்கா சொல்றது நெசமா? நான் உன்ன பட்டினி போடறனா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். இல்லை என்று எழுதியும் கொடுக்கச் சொன்னார். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என்னை யாரும் பட்டினி போடவில்லை.

இனிமேல் கடிதம் வேண்டாம்.

கரோலின்


ஆம்பூர்
22.8.1999

என் கரோவுக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். இதுவும் ஒரு கடிதம்தான். அவர் இதையும் உரக்கப் படிக்கட்டும்.

எழுதியதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நான் குடும்பம் நடத்தவில்லை என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். அம்மா போனபின் அப்பாவையும் உன்னையும் வைத்துக்கொண்டு நான் நடத்தியதற்குப் பெயர் என்னவென்று அவரையே கேள்.

எல்லாக் கடிதங்களையும் அப்பாவிடம் கொடுத்தேன். இத்தனை நாள் அவரிடம் மறைத்துவைத்திருந்தேன். வீட்டு விஷயத்தில் நாம் தலையிடக்கூடாது என்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். மடித்து வைத்துவிட்டு, "பம்பாய் வழியா வருமா, நேரா மெட்ராஸ் வருமா?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "ஃப்ளைட்டு" என்றார்.

அவ்வளவுதான் இங்கே நிலவரம். நீ வா என்று சொல்லவில்லை. வந்தால் அப்பா மீனம்பாக்கத்தில் நிற்பார்.

ஞானம்


ஷார்ஜா
24.9.1999

அக்கா,

இதை ஆபித் அண்ணனின் தோஸ்த் முக்தார் அகமது கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு அவர் ஆம்பூருக்குக் கிளம்புகிறார். உன் கடைசிக் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அவர் குளிக்கப் போயிருந்தார். நான் மிஷின் பக்கத்தில் நின்றிருந்தேன். ஃபீபி ஓடிவந்து எனக்கு முன்னால் ஏறிக்கொண்டாள். வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவக்க நின்றாள்.

"ம்மா, நான் ஜாஸ்தியா கம்மியா?"

"நீ சரியா இருக்கடா கண்ணு."

"அப்பா அப்டி சொல்ல மாட்டாரு" என்றாள்.

நான்கு வயது, அக்கா. மூச்சைப் பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அவளை இறக்கிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். சோறு வடித்து, பருப்பு கடைந்து, நெய் ஊற்றி ஒரே தட்டில் பிசைந்தேன். அவளுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். முதல் இரண்டு கவளம் தொண்டையில் இறங்கவில்லை. அவர் தலை துவட்டிக்கொண்டே வந்து நின்று பார்த்தார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றார். "தெரியும்ங்க" என்றேன். தட்டு காலியாகும் வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே பாஸ்போர்ட்டைத் தேடினேன். அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. அலமாரிக்குப் பூட்டுகூட இல்லை. இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் எடுக்கத் தோன்றவில்லை. ஒரு வளையலைக் கொடுத்து ஆபித் அண்ணன் மூலம் டிக்கெட் எடுத்தேன். அவரிடம் டிக்கெட்டைக் காட்டினேன். ஒளிந்து வரவில்லை. இப்போது போனால் திரும்ப இந்த வீட்டுக்குள் வர முடியாது என்றார். சரி என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அடுத்த செவ்வாய் காலை. நேராக மெட்ராஸ்தான் வருகிறது என்று அப்பாவிடம் சொல். என்னைப் பார்த்ததும் அவர் அழக்கூடாது. நீயும்தான்.

கரோ


ஆம்பூர்
28.11.1999

ஃபீபியின் அப்பாவுக்கு,

கரோலின் எழுதுவது. ஃபீபி சுகம். இங்கே இப்போதுதான் மழை விட்டிருக்கிறது.

உங்களுடைய மூன்று கடிதங்களும் கிடைத்தன. முதல் இரண்டுக்கும் பதில் எழுதும் தெம்பு எனக்கு அப்போது இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் மிகவும் கம்மியாக இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் நெஞ்சைப் பாதித்திருக்கும் என்றார் டாக்டர் அம்மா. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நான் ஆரோக்கியமாக இருப்பதாக அக்காவுக்கு எழுதியிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்குள் பழையபடி திரும்பி வந்தால் நடந்ததை மன்னித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பழையபடி என்றால் எந்த எடையில் கிளம்பினேனோ அந்த எடையில் என்று மூன்றாவது கடிதத்தில் விளக்கியும் இருக்கிறீர்கள். அந்த எடையில் நான் இப்போது இல்லை. இனிமேலும் இருக்க மாட்டேன்.

எல்லாம் என் நல்லதுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதை நம்பித்தான் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் நம்பினேன். நம்பாமல் ஒருத்தி இவ்வளவு நாள் பசியோடு கிடக்க முடியாது. இப்போது நம்பவில்லை.

இங்கே ஒரு நர்சரி பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஃபீபியும் அங்கேதான் படிக்கிறாள். காலையில் அக்காவோடும் அவள் சிநேகிதிகளோடும் கிரவுண்டில் நடக்கிறேன். முதல் வாரம் அரைச் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போது உட்காருவதில்லை. சபையில் வாழாவெட்டியா என்று ஒரு அம்மா என்னிடமே கேட்டார். நன்றாக வாழ்கிறேன் ஆன்ட்டி என்றேன். அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் எங்கள் விசாவை ரத்து செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இதுதான் பதில். ரத்து செய்துவிடுங்கள்.

மகளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம். உங்களைக் கேட்கிறாள், மறைக்க மாட்டேன். வந்தால் அவளைத் தூக்கிக் கொஞ்சுங்கள். கனமாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த நிமிஷமே உங்களிடமிருந்து வாங்கிவிடுவேன்.

இதற்குமேல் எழுத நேரமில்லை. இன்று ஞாயிறு, இங்கே சாப்பாட்டு வேளை. அக்கா தட்டு வைத்துவிட்டாள். ஃபீபிக்குப் பசிக்கிறது. எனக்கும் பசிக்கிறது.

கரோலின்